9 கியூபிட்ல இருந்து டோரிக் கோட் வரைக்கும்: சர்ஃபேஸ் கோட் முழுமையான வழிகாட்டி

குவாண்டம் கம்ப்யூட்டர் பத்தி நியூஸ் வரும்போதெல்லாம் எத்தனை கியூபிட்னு ஒரு நம்பர் போடுவாங்க, ஆனா அந்த ஃபீல்டுல இருக்கறவங்க முதல்ல கேக்கறது எரர் ரேட் எவ்வளவு, எரர் கரெக்‌ஷன் போட்டா அது குறையுதா இல்ல இன்னும் ஏறுதாங்கறதத்தான். ஒரு கியூபிட்டோட செய்திய நிறைய கியூபிட்ல பரப்பி வச்சு காப்பாத்தற முறைக்கு கோட்னு பேரு. இதுல இப்ப அதிகமா பயன்படுத்தற வழி டோபாலஜிக்கல் கோட், அதுலயும் குறிப்பா சர்ஃபேஸ் கோட். பேரக் கேட்டு பயந்து ஒதுங்கிடறவங்க நிறைய பேர், ஆனா ஒரு பேப்பர், ஒரு பேனா, ஒத்தையா ரெட்டையான்னு எண்ணத் தெரிஞ்சா இதோட உயிர்நாடிய ஒரே உக்காருல பிடிச்சிடலாம். அதனால இந்த கைடுல முதல் பாதி முழுக்க கையாலயே போட்டுப் பாக்கப் போறோம், டோரஸ், எனியான், என்ட்ரோபி எல்லாம் அதுக்கப்புறம்தான்.

தேவையானது இவ்வளவுதான்: கியூபிட்னா 0, 1 ரெண்டோட சூப்பர்பொசிஷன்ல இருக்கலாம்னு தெரியணும், எக்ஸ் ஆபரேட்டர் 0-வ 1-ஆவும் 1-அ 0-வாவும் மாத்தும், இசட் ஆபரேட்டர் 1-க்கு முன்னாடி மட்டும் மைனஸ் போடும்னு தெரியணும். சிநாட் கேட் என்ன பண்ணும்னு தெரிஞ்சா இன்னும் நல்லது.

படி 1: பிரச்சனை என்னன்னு சரியா புரிஞ்சுக்கறது

சாதாரண கம்ப்யூட்டர்ல ஒரு பிட்ட காப்பாத்தணும்னா மூணு காப்பி எடுத்து வச்சுட்டு மெஜாரிட்டி என்ன சொல்லுதுன்னு பாத்துக்கலாம். கியூபிட்ல அது நடக்காது. தெரியாத ஒரு குவாண்டம் ஸ்டேட்ட காப்பி எடுக்கவே முடியாதுன்னு 1982-ல வூட்டர்ஸும் ஸூரெக்கும் ஒரு பக்கம், டீக்ஸ் இன்னொரு பக்கம் நிரூபிச்சுட்டாங்க. ரெண்டாவது, தப்பு வந்திருக்கான்னு பாக்க கியூபிட்ட மெஷர் பண்ணினா சூப்பர்பொசிஷனே கலைஞ்சிடும். மூணாவது, கிளாசிக்கல் பிட்ல தப்புன்னா 0-1 மாறுறது மட்டும்தான், கியூபிட்ல பிட் ஃப்ளிப் (எக்ஸ்), ஃபேஸ் ஃப்ளிப் (இசட்)னு ரெண்டு வகை இருக்கு, அது போக கொஞ்சூண்டு சுத்திப் போற தப்பும் உண்டு, அதாவது 0.01 ரேடியன் மாதிரி ஒரு சின்ன ரொட்டேஷன்.

இந்த மூணையும் தாண்ட முடியும்னு முதல்ல காட்டினவர் பீட்டர் ஷோர், 1995-ல, 9 கியூபிட் கோட் வச்சு. அடுத்து 1996-ல ஆண்ட்ரூ ஸ்டீன் 7 கியூபிட் கோட் குடுத்தார். 1997-ல டேனியல் காட்ஸ்மன் இதையெல்லாம் ஸ்டெபிலைசர்ங்கற ஒரே கணக்குக்குள்ள அடக்கினார். அந்த ஸ்டெபிலைசர் கணக்குதான் நமக்கு இங்க எல்லாத்துக்கும் அடிப்படை, அடுத்த படியில செக்னு வர்றதெல்லாம் ஸ்டெபிலைசர்தான்.

இதுல மனசுல நிறுத்திக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. செய்திய எந்த தனி கியூபிட்லயும் வைக்கக்கூடாது, எல்லா கியூபிட்டும் சேந்து பின்னிக்கிட்டு இருக்கற அந்த என்டாங்கிள்மென்ட்லதான் வைக்கணும், அப்புறம் செய்திய பத்தி ஒரு வார்த்தை கூட வெளிய விடாத கேள்விகள மட்டும் திரும்பத் திரும்ப கேக்கணும். இனி வர்ற ஒவ்வொரு படியும் இத எப்படி செஞ்சு காட்டறதுங்கறதுதான்.

படி 2: பேப்பர்ல 9 புள்ளி

3க்கு 3 கட்டமா 9 புள்ளி வைங்க. மேல் வரிசை 1, 2, 3. நடு வரிசை 4, 5, 6. கீழ் வரிசை 7, 8, 9. இதெல்லாம் டேட்டா கியூபிட்.

இப்ப நாலு நாலு புள்ளிய சேத்தா நாலு சதுரம் வரும், செஸ் போர்டு மாதிரி ஒண்ணு விட்டு ஒண்ணு கலர் அடிங்க. 1-2-4-5 சதுரமும் 5-6-8-9 சதுரமும் இசட் செக். 2-3-5-6 சதுரமும் 4-5-7-8 சதுரமும் எக்ஸ் செக். இது போக ஓரத்துல ரெண்டு ரெண்டு புள்ளிய மட்டும் தொடற அரை வட்டம் நாலு வரும்: மேல 1-2 எக்ஸ் செக், கீழ 8-9 எக்ஸ் செக், இடது பக்கம் 4-7 இசட் செக், வலது பக்கம் 3-6 இசட் செக்.

ஆக இசட் செக் 4, எக்ஸ் செக் 4, மொத்தம் 8. டேட்டா கியூபிட் 9, செக் 8, கழிச்சா மிச்சம் 1. அந்த மிச்சம் ஒண்ணுதான் நம்ம லாஜிக்கல் கியூபிட், அங்கதான் செய்தி உக்காரும். ஒவ்வொரு செக்குக்கும் ஒரு அளக்கற கியூபிட் வேணும், அதையும் சேத்தா 17 கியூபிட். ஜூரிக் ஈடிஹெச்ல 2022-ல சூப்பர்கண்டக்டிங் சிப்புல ஓட்டினது இந்த 17-தான்.

இசட் செக்னா என்ன கேள்வி? அந்த கியூபிட்டுங்கள்ல இருக்கற 1-ஓட எண்ணிக்கை ஒத்தையா ரெட்டையா, அவ்வளவுதான். எந்த கியூபிட் 1, எது 0-ங்கறத கேக்கவே கூடாது. எக்ஸ் செக்கும் அதே கேள்விதான், ஆனா 0/1-க்கு பதிலா பிளஸ்/மைனஸ் பேசிஸ்ல (0-வும் 1-ம் சம பங்கா கலந்த ஸ்டேட், 1-க்கு முன்னாடி பிளஸ் குறி இருந்தா பிளஸ், மைனஸ் குறி இருந்தா மைனஸ்), மைனஸ்ல இருக்கறது ஒத்தையா ரெட்டையான்னு.

படி 3: கேள்விங்க ஒண்ணோட ஒண்ணு மோதுதான்னு பாக்கறது

எக்ஸும் இசட்டும் ஒரே கியூபிட் மேல வந்தா வரிசைய மாத்தினா ஒரு மைனஸ் குறி வரும், அதாவது ரெண்டையும் ஒரே நேரத்துல கேக்க முடியாது. ஆனா ரெண்டு இடத்துல மோதினா மைனஸ் மைனஸ் பிளஸ் ஆயிடும், அப்ப ரெண்டு கேள்விக்கும் ஒண்ணா பதில் வாங்கலாம். அதனால ரூல் இதுதான்: ஒரு எக்ஸ் செக்கும் ஒரு இசட் செக்கும் பொதுவா தொடற கியூபிட் எண்ணிக்கை எப்பவும் ரெட்டையா இருக்கணும்.

படத்துல சரி பாருங்க. 2-3-5-6 எக்ஸும் 1-2-4-5 இசட்டும்: பொதுவா 2, 5. ரெண்டு, சரி. 2-3-5-6 எக்ஸும் 5-6-8-9 இசட்டும்: 5, 6, சரி. 1-2 எக்ஸும் 4-7 இசட்டும்: பொதுவா ஒண்ணும் இல்ல, பூஜ்யமும் ரெட்டைதான். மிச்ச ஜோடிகளையும் நீங்களே போட்டு முடிச்சிடுங்க, மொத்தம் 16 ஜோடி, இத தாண்டிக் குதிச்சா பின்னாடி எல்லாமே மனப்பாடமா ஆயிடும்.

இப்ப லாஜிக்கல் ஆபரேட்டர். மேல் வரிசை 1, 2, 3 மூணுலயும் இசட் போடுங்க. எந்த எக்ஸ் செக்கோடயும் மோதல (1-2 எக்ஸோட ரெண்டு, 2-3-5-6 எக்ஸோட ரெண்டு). இது லாஜிக்கல் இசட். இடது நெடுவரிசை 1, 4, 7 மூணுலயும் எக்ஸ் போடுங்க. எந்த இசட் செக்கோடயும் மோதல. இது லாஜிக்கல் எக்ஸ். ரெண்டும் வெட்டிக்கறது 1-ஆம் கியூபிட்ல மட்டும், ஒரே இடம், அதனால ஒரு கியூபிட்டோட எக்ஸும் இசட்டும் எப்படி நடந்துக்குமோ அப்படியே நடந்துக்கும்.

ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு எதிர் ஓரம் வரைக்கும் போற சங்கிலிதான் செய்திய மாத்த முடியும், பாதி வழியில நின்னா ஏதாவது ஒரு செக் காட்டிக் குடுத்துடும். அந்த சங்கிலியோட மினிமம் நீளம்தான் டிஸ்டன்ஸ். இங்க 3.

படி 4: அந்த என்டாங்கிள்டு ஸ்டேட்ட கண்ணால பாக்கறது

நிறைய விளக்கங்கள்ல இந்த இடத்த ஒரு வரியில தாண்டிடறாங்க, எனக்கு இதுதான் முழு விஷயத்துலயும் அழகான இடம்னு தோணும். லாஜிக்கல் 0 எப்படி இருக்கும்? 9 பூஜ்யத்துல ஆரம்பிங்க: 000000000. இப்ப எக்ஸ் செக் நாலும் நாலு பட்டன்னு வச்சுக்கோங்க, ஒரு பட்டன அமுக்கினா அதுல இருக்கற கியூபிட் எல்லாம் ஃப்ளிப் ஆகும். 1-2 பட்டன அமுக்கினா 110000000. 2-3-5-6 அமுக்கினா 011011000. நாலு பட்டன், ஒவ்வொண்ணும் அமுக்கலாம் அமுக்காம விடலாம், மொத்தம் 16 வரிசை வரும். அந்த 16-ம் சம பங்கா ஒரே சூப்பர்பொசிஷன்ல இருக்கறதுதான் லாஜிக்கல் 0. லாஜிக்கல் 1 வேணும்னா 1, 4, 7-அ ஃப்ளிப் பண்ணிட்டு அதே 16 போடுங்க.

16 வரிசையையும் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா எழுதிட்டு ஏதாவது ஒரு கியூபிட்ட மட்டும் பாருங்க, உதாரணத்துக்கு 5-ஆம் இடம். 8 வரிசையில 0, 8 வரிசையில 1. எந்த இடத்த எடுத்தாலும் இதேதான். லாஜிக்கல் 1-க்கு எழுதினாலும் அதேதான், பாதிக்குப் பாதி. ஏதாவது ரெண்டு கியூபிட்ட சேத்து எடுத்தா கூட லாஜிக்கல் 0-வா 1-ஆன்னு கண்டுபிடிக்க முடியாது. ஆனா 1, 2, 3 மூணையும் சேத்து ஒத்தையா ரெட்டையான்னு பாருங்க: லாஜிக்கல் 0-ல 16 வரிசையிலயும் ரெட்டை, லாஜிக்கல் 1-ல 16-லயும் ஒத்தை. 4-5-6 எடுத்தாலும் அப்படித்தான், 7-8-9 எடுத்தாலும் அப்படித்தான்.

செய்தி மொத்த வடிவத்துல மட்டும் இருக்குன்னு சொல்றதோட அர்த்தம் இதுதான். வெளிய இருந்து வர்ற நாய்ஸ், வழி தவறி வர்ற ஃபோட்டான், சிப்புல இருக்கற ஒரு குறை, எல்லாம் பொதுவா ஒண்ணு ரெண்டு கியூபிட்டத்தான் தொடும், அது எதுவும் செய்திய தெரிஞ்சுக்க முடியாததால செய்திய கலைக்கவும் முடியாது. குவாண்டம்ல தெரிஞ்சுக்கறதும் கலைக்கறதும் ஒரே செயலோட ரெண்டு பக்கம்.

இந்த ஸ்டேட்ட எப்படி உருவாக்கறது? ஆச்சரியமா ரொம்ப ஈசி. 9 கியூபிட்டயும் 0-ல வைங்க, இசட் செக் நாலும் ஏற்கனவே ரெட்டை. அப்புறம் எக்ஸ் செக் நாலையும் ஒரு தடவை அளங்க, அளக்கறதே அதுங்கள என்டாங்கிள் பண்ணிடும். எக்ஸ் செக்கோட பதில் ராண்டமா வரும், பரவாயில்ல, என்ன வந்துச்சுன்னு குறிச்சு வச்சுக்கிட்டா போதும், இனிமே அந்த பதில்ல இருந்து மாறுதான்னு மட்டும்தான் பாக்கப் போறோம்.

படி 5: கையால தப்பு பண்ணி கையால திருத்தறது

இப்ப எக்ஸ் எரர் (பிட் ஃப்ளிப்) ஒண்ணொண்ணா போட்டு எந்த இசட் செக் மாறுதுன்னு எழுதுங்க. 5-ல எரர் வந்தா 1-2-4-5-உம் 5-6-8-9-உம் மாறும். 4-ல வந்தா 1-2-4-5, 4-7. 6-ல வந்தா 5-6-8-9, 3-6. 3-ல வந்தா 3-6 மட்டும். 7-ல வந்தா 4-7 மட்டும். இந்த மாறின செக்குங்களோட பட்டியலுக்கு சிண்ட்ரோம்னு பேரு. (இசட் எரர, அதாவது ஃபேஸ் ஃப்ளிப்ப, இதே மாதிரி எக்ஸ் செக் காட்டிக் குடுக்கும்.)

இப்ப 1-ல எரர் வந்தா 1-2-4-5 மட்டும் மாறும். 2-ல வந்தாலும் 1-2-4-5 மட்டும்தான். அப்ப எதுல வந்துச்சுன்னு எப்படி கண்டுபிடிக்கறது? கண்டுபிடிக்கவே வேணாம். நிஜத்துல 1-ல எரர் வந்து, நீங்க 2-ன்னு நினைச்சு 2-அ ஃப்ளிப் பண்ணினா, மொத்தத்துல 1, 2 ரெண்டும் ஃப்ளிப் ஆயிருக்கும். அது என்ன? நம்ம 1-2 பட்டன்! அந்த பட்டன அமுக்கினா 16 வரிசையும் தங்களுக்குள்ள இடம் மாறிக்கும், ஸ்டேட் அப்படியேதான் இருக்கும். 8, 9 ஜோடியும் இப்படித்தான். கிளாசிக்கல் கோட்ல தப்பு நடந்த இடம் தெரிஞ்சே ஆகணும், இங்க தப்போட வகையறா தெரிஞ்சா போதும், டீஜெனரசிங்கற இந்த சலுகை குவாண்டம் கோட்ல மட்டும் கிடைக்கறது.

அடுத்தது ரொம்ப முக்கியம், கண்டிப்பா போட்டுப் பாருங்க. 1-லயும் 4-லயும் சேந்தே எரர் வருதுன்னு வைங்க. 1-2-4-5 ரெண்டு தடவை மாறி பழையபடி ரெட்டையா நிக்கும். 4-7 மட்டும் மாறும். பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? 7-ல ஒரு எரர்னு. 7-அ ஃப்ளிப் பண்ணுவாங்க. இப்ப 1, 4, 7 மூணும் ஃப்ளிப் ஆயிடுச்சு, அது லாஜிக்கல் எக்ஸ். எல்லா செக்கும் சுத்தமா இருக்கு, ஆனா செய்தி தலைகீழா மாறிப் போச்சு, யாருக்கும் தெரியாது. டிஸ்டன்ஸ் 3-ல ஒரு எரர்தான் தாங்கும், 5-ல 2, 7-ல 3. பெருசு பண்ணப் பண்ண இப்படி ஏமாத்தறதுக்கு தேவையான சங்கிலி நீளமாகும், அதோட வாய்ப்பும் குறையும்.

சின்ன ரொட்டேஷன் எரர் என்ன ஆச்சு? செக்க அளந்த உடனே அது தீர்ந்துடும். 5-ஆம் கியூபிட் கொஞ்சூண்டு சுத்திப் போயிருந்தா, ஸ்டேட்ல பெரும் பங்கு எரர் இல்லாதது, சின்னப் பங்கு முழு ஃப்ளிப் ஆனது. செக்க அளந்தா ரெண்டுல ஒண்ணா விழும், அதிக வாய்ப்பு எரர் இல்லாத பக்கம். தொடர்ச்சியான எரர அளவீடே ஆமா-இல்லன்னு மாத்திடுது, இது மட்டும் நடக்கலேன்னா குவாண்டம் எரர் கரெக்‌ஷன்னு ஒரு துறையே இருந்திருக்காது.

படி 6: செக்க நிஜமா எப்படி அளக்கறது

இசட் செக்குக்கு: அளக்கற கியூபிட்ட 0-ல வச்சு, நாலு டேட்டா கியூபிட்டுல இருந்தும் அதுக்கு சிநாட் (முதல் கியூபிட் 1-ஆ இருந்தா மட்டும் ரெண்டாவத ஃப்ளிப் பண்ற கேட்), கடைசியில அளக்கற கியூபிட்ட மட்டும் மெஷர். எக்ஸ் செக்குக்கு: அளக்கற கியூபிட்டுக்கு ஹாடமார்ட் (0-வ பிளஸாவும் 1-அ மைனஸாவும் மாத்தற கேட்), அதுல இருந்து நாலு டேட்டாவுக்கும் சிநாட், திரும்ப ஹாடமார்ட், மெஷர்.

இதுல நாலு சிநாட்டயும் எந்த வரிசையில போடறோம்ங்கறது ரொம்ப முக்கியம். எக்ஸ் செக்க அளக்கும்போது ரெண்டு சிநாட் முடிஞ்ச நேரத்துல அளக்கற கியூபிட்ல ஒரு எக்ஸ் எரர் வந்தா அது மிச்ச ரெண்டு டேட்டா கியூபிட்டுக்கும் பரவிடும், ஒரே ஒரு தப்பு ரெண்டு எரரா ஆயிடும். இதுக்கு ஹூக் எரர்னு பேரு. அந்த ரெண்டும் மேல கீழ அடுக்கா இருந்தா நம்ம லாஜிக்கல் எக்ஸ் போற அதே திசை, சங்கிலி மூணுல ரெண்டு ஒரே அடியில போயிடும், டிஸ்டன்ஸ் 3-ங்கறது பேருக்குத்தான் இருக்கும். அதனால எக்ஸ் செக்ல முதல்ல மேல் ரெண்டு, அப்புறம் கீழ் ரெண்டு, அப்ப பரவற எரர் படுக்கையா விழும். இசட் செக்ல முதல்ல இடது ரெண்டு, அப்புறம் வலது ரெண்டு. சர்க்யூட்ட சொந்தமா எழுதறவங்க மத்ததெல்லாம் சரியா பண்ணிட்டு இங்கதான் கோட்டை விடுவாங்க, ரிசல்ட் மோசமா வரும், காரணம் தெரியாது.

படி 7: ஒரு தடவை அளந்தா பத்தாது

அளவீடும் தப்பு பண்ணும். அதனால எல்லா செக்கையும் திரும்பத் திரும்ப அளக்கணும், பொதுவா டிஸ்டன்ஸ் எவ்வளவோ குறைஞ்சது அத்தனை ரவுண்டு. ஒவ்வொரு செக்குக்கும் போன ரவுண்டு பதிலும் இந்த ரவுண்டு பதிலும் வேற வேறயா இருந்தா அந்த இடத்துல ஒரு புள்ளி வைங்க. டேட்டா கியூபிட்ல எரர் வந்தா ஒரே ரவுண்டுல பக்கத்து பக்கத்துல ரெண்டு புள்ளி விழும் (ஓரத்துல வந்தா ஒண்ணு). அளவீடு மட்டும் தப்பாயிருந்தா ஒரே செக்ல அடுத்தடுத்த ரவுண்டுல ரெண்டு புள்ளி. ஆக ரெண்டு பரிமாணம் இடம், ஒண்ணு நேரம்னு முப்பரிமாண கட்டம் முழுக்க புள்ளிங்க சிதறிக் கிடக்கும்.

டீகோடரோட வேலை அந்த புள்ளிகள ஜோடி சேக்கறது, இல்லேன்னா ஓரத்தோட சேக்கறது, மொத்தத்துல நடக்க அதிக வாய்ப்புள்ள விதமா. ஒவ்வொரு இணைப்புக்கும் வாய்ப்ப பொறுத்து ஒரு எடை குடுத்து மொத்த எடை குறைவா வர்ற ஜோடிய தேடணும். இதுக்கு ஜாக் எட்மண்ட்ஸ் 1965-லயே பிளாசம்னு ஒரு அல்காரிதம் குடுத்துட்டார், அப்ப குவாண்டம் கம்ப்யூட்டர்ங்கற பேச்சே கிடையாது.

திருத்தறதுக்கு கியூபிட் மேல நிஜமா கேட் போட வேண்டியதில்ல. எத ஃப்ளிப் பண்ணணுமோ அத சாஃப்ட்வேர்ல குறிச்சு வச்சுக்கிட்டு கடைசி ரீடிங்க அதுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம், இதுக்கு பவுலி ஃப்ரேம்னு சொல்வாங்க. ஒவ்வொரு கேட்டும் புது எரர் கொண்டு வரும்ங்கறதால போடாம விடறதே புத்திசாலித்தனம்.

படி 8: டோபாலஜி எங்க வருது

இதுவரைக்கும் பாத்தது ஓரம் இருக்கற சதுரத் துண்டு. இதோட மூலம் அலெக்ஸி கிடாயெவ் 1997-ல, லாண்டாவ் இன்ஸ்டிடியூட்ல இருந்தப்ப கொண்டு வந்த டோரிக் கோட். கட்டத்தோட மேல் ஓரத்த கீழ் ஓரத்தோடயும், இடது ஓரத்த வலது ஓரத்தோடயும் ஒட்டினா மெதுவடை மாதிரி நடுவுல ஓட்டையோட ஒரு பரப்பு வரும், அதுதான் டோரஸ். கியூபிட்ட கட்டத்தோட கோடுகள்ல வைக்கணும். நீளம் எல்-னா கோடு 2 எல் ஸ்கொயர். ஒவ்வொரு முனையிலயும் நாலு கோட்ட தொடற எக்ஸ் செக், ஒவ்வொரு கட்டத்துலயும் நாலு கோட்ட தொடற இசட் செக், அதுவும் 2 எல் ஸ்கொயர். ஆனா எல்லா எக்ஸ் செக்கையும் பெருக்கினா 1 வந்துடும், இசட்டும் அப்படியே, அதனால ரெண்டு செக் உபரி. கழிச்சா ரெண்டு லாஜிக்கல் கியூபிட் மிச்சம். எல் 5-ஆ இருந்தாலும் 500-ஆ இருந்தாலும் ரெண்டுதான், ஏன்னா வடைய சுத்தி வர்றதுக்கு ரெண்டே வழிதான் இருக்கு, ஓட்டைய சுத்தி ஒண்ணு, ஓட்டைக்குள்ள புகுந்து வெளிய வர்றது ஒண்ணு. சின்ன வளையம் எல்லாம் செக்குகளோட பெருக்கல்தான், செய்திக்கு ஒண்ணும் ஆகாது. வடைய முழுசா சுத்தி வர்ற வளையம் மட்டும் செய்திய தொடும்.

டோரஸ சிப்புல போட முடியாதுங்கறதால 1998-ல பிராவியும் கிடாயெவும் ஓரம் வச்ச தட்டையான வடிவத்த குடுத்தாங்க, ரெண்டு வகை ஓரம், ரெண்டு ரெண்டா. நம்ம 9 புள்ளி படத்துல மேல கீழ எக்ஸ் அரை வட்டம், இடது வலது இசட் அரை வட்டம்னு வச்சது அதோட சுருக்கின வடிவம்தான்.

செக் மாறி நிக்கற இடத்த ஒரு துகளா பாக்கறது இன்னொரு பார்வை. அதுக்கு எனியான்னு பேரு, டோரிக் கோட்ல மின் வகை, காந்த வகைன்னு ரெண்டு. எரர்னா ஒரு ஜோடி எனியான் பிறக்குது, திருத்தறதுன்னா அத திரும்ப சேத்து அழிக்கறது. ஒரு வகைய இன்னொரு வகையை சுத்தி ஒரு முழு சுத்து கொண்டு வந்தா ஸ்டேட்டுக்கு ஒரு மைனஸ் குறி வரும், எவ்வளவு தூரத்துல சுத்தினாலும். சாதாரண போஸான், ஃபெர்மியான் எதுவும் இப்படி நடந்துக்காது.

இந்த என்டாங்கிள்மென்ட் சாதாரணமானது இல்லன்னு அளந்தே காட்டலாம். ஒரு பகுதிய வெட்டி எடுத்து அதுக்கும் மிச்சத்துக்கும் நடுவுல உள்ள என்டாங்கிள்மென்ட் என்ட்ரோபிய (ரெண்டும் எவ்வளவு பின்னிக்கிட்டு இருக்குங்கற அளவ) பாத்தா அது எல்லையோட நீளத்துக்கு ஏத்த மாதிரி வளரும், ஆனா அதுல இருந்து எப்பவும் ஒரு நிலையான அளவு குறையும். டோரிக் கோட்ல அது 2-ஓட இயல் லாகரிதம், சுமார் 0.69. கிடாயெவும் பிரெஸ்கிலும் ஒரு பக்கம், லெவினும் வெனும் இன்னொரு பக்கம் 2006-ல இத கண்டுபிடிச்சாங்க. 2021-ல கூகுளோட சிக்கமோர் சிப்புல 31 கியூபிட்ல டோரிக் கோட் ஸ்டேட்ட உருவாக்கி அந்த அளவு எதிர்பார்த்த மதிப்புக்கு பக்கத்துல வருதுன்னு காட்டினாங்க.

ஒரு எச்சரிக்கை: இயற்கையே இந்த ஸ்டேட்ட தானா காப்பாத்திக்கும்னு நினைச்சுடாதீங்க. ரெண்டு பரிமாணத்துல வெப்பம் இருந்தா எனியான் பிறந்து சும்மா அலைஞ்சு திரிய எந்த தடையும் இல்ல. நாலு பரிமாண டோரிக் கோட் தானா தாங்கும், ஆனா நாம வாழறது மூணுல. அதனாலதான் இவ்வளவு அளவீடும் டீகோடரும்.

படி 9: கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கறது

பைத்தான்ல ஸ்டிம், பைமேச்சிங்னு ரெண்டு லைப்ரரிய போடுங்க, ரெண்டும் ஃப்ரீ. ஸ்டிம் க்ரெய்க் கிட்னி எழுதினது, பைமேச்சிங் ஆஸ்கர் ஹிகாட் எழுதினது. லேப்டாப்பே போதும், ஏன்னா இந்த சர்க்யூட்ல இருக்கற கேட்டெல்லாம் கிளிஃபோர்டு வகை (எக்ஸ், இசட், ஹாடமார்ட், சிநாட் மாதிரியானது), அத கிளாசிக்கல் கம்ப்யூட்டர்ல வேகமா ஓட்ட முடியும்.

ஸ்டிம்ல சர்ஃபேஸ் கோட் சர்க்யூட்ட தானா உருவாக்கித் தர்ற வசதி இருக்கு. ரொட்டேட்டட் வகை (நம்ம 9 புள்ளி படம் இந்த வகைதான்), இசட் மெமரி பரிசோதனைன்னு தேர்ந்தெடுங்க. டிஸ்டன்ஸ் 3, 5, 7 மூணுக்கும் தனித்தனியா, ரவுண்டு எல்லாத்துக்கும் ஒரே எண்ணிக்கையா வைங்க, இல்லேன்னா ரவுண்டுக்கு எவ்வளவுன்னு கணக்கு மாத்தி ஒப்பிடணும். கேட் எரர், அளவீட்டு எரர், ரீசெட் எரர் மூணுக்கும் ஒரே மதிப்பு குடுங்க, 0.001-ல ஆரம்பிச்சு 0.003, 0.005, 0.008, 0.012-ன்னு. சர்க்யூட்ல இருந்து எரர் மாடல எடுத்து பைமேச்சிங்குக்கு குடுத்தா டீகோடர் ரெடி. ஒரு லட்சம் ஷாட் சாம்பிள் எடுத்து, டீகோடர் சொன்னதும் நிஜமும் எத்தனை தடவை ஒத்துப் போகலேன்னு எண்ணுங்க. எரர் ரேட் குறைவா இருக்கற இடத்துல ஒரு லட்சம் பத்தாது, தோல்வியே கண்ணுல படாது, அங்க மட்டும் ஷாட்ட ஏத்துங்க.

மூணு கோட்டையும் லாக் ஸ்கேல்ல ஒரே கிராஃப்ல போடுங்க, படுக்கையா நீங்க குடுத்த எரர் மதிப்பு, செங்குத்தா தோல்வி விகிதம். வலது பக்கம் டிஸ்டன்ஸ் 7 மோசமா இருக்கும், இடது பக்கம் அதுவே எல்லாத்தவிடவும் நல்லா இருக்கும், நடுவுல 1 சதவீதத்துக்கு கிட்ட வெட்டிக்கும். அந்த இடம்தான் திரெஷோல்டு. டென்னிஸ், கிடாயெவ், லாண்டால், பிரெஸ்கில் நாலு பேரும் 2002-ல இத புள்ளியியல் இயற்பியல்ல ராண்டம் பாண்ட் ஐசிங்னு ஒரு காந்த மாடலோட கட்ட மாற்றமா (தண்ணி ஐஸ் ஆகற மாதிரி ஒரு திடீர் மாற்றமா) மாத்திக் காட்டினாங்க. அளவீடு தப்பே பண்ணாதுன்னா பிட் ஃப்ளிப் எரருக்கு சுமார் 11 சதவீதம் வரைக்கும் தாங்கும், அளவீடும் தப்பு பண்ணினா 3 சதவீதத்துக்கு பக்கம், கேட் எல்லாமே தப்பு பண்ணினா 1 சதவீதத்துக்கு பக்கம். திரெஷோல்டு இத்தனைன்னு யாராவது சொன்னா எந்த நாய்ஸ் மாடல்ல சொல்றாங்கன்னு முதல்ல கேளுங்க.

படி 10: நிஜ சிப்போட நம்பர படிக்கறது

2023-ல கூகுள் டீம் டிஸ்டன்ஸ் 3-ல இருந்து 5-க்கு போனப்ப ஒரு சுத்துக்கு (ஒரு அளவீட்டு ரவுண்டுக்கு) லாஜிக்கல் எரர் 3.028 சதவீதத்துல இருந்து 2.914-க்குத்தான் இறங்குச்சு, திரெஷோல்டு வாசல்ல நின்ன மாதிரி. 2024 டிசம்பர்ல வந்த கூகுளோட வில்லோ சிப் ரிசல்ட்தான் பெரிய மாற்றம். டிஸ்டன்ஸ் 7, 101 கியூபிட், ஒரு சுத்துக்கு லாஜிக்கல் எரர் 0.143 சதவீதம். டிஸ்டன்ஸ ரெண்டு ஏத்தினா எரர் எத்தனை மடங்கு குறையுதுங்கறத லாம்டான்னு சொல்வாங்க, இங்க 2.14. அதுலயும் எனக்கு ரொம்ப பெருசா படறது, லாஜிக்கல் கியூபிட்டோட ஆயுள் அந்த சிப்புல இருந்த பெஸ்ட் தனி கியூபிட்டவிட 2.4 மடங்கு அதிகம்ங்கறது. குறையுள்ள உறுப்புங்கள சேத்து அதுல எதையும்விட நல்லதா ஒண்ணு செய்ய முடிஞ்சிருக்கு.

லாம்டாவ வச்சு நீங்களே கணக்கு போடலாம். 7-ல 0.143 சதவீதம். பத்து லட்சத்துல ஒண்ணுக்கு கீழ வேணும்னா 2.14-ஆல எத்தனை தடவை வகுக்கணும்? 10 தடவை. ஒவ்வொண்ணுக்கும் டிஸ்டன்ஸ் 2, ஆக 27. டிஸ்டன்ஸ் 27-க்கு டேட்டா 729, அளக்கறது 728, மொத்தம் 1457 கியூபிட், ஒரே ஒரு லாஜிக்கல் கியூபிட்டுக்கு. லாம்டா 4-ஆ ஆச்சுன்னா எவ்வளவு குறையும்னு போட்டுப் பாருங்க, கியூபிட் எண்ணிக்கைய ஏத்தறதவிட கேட் தரத்த ஏத்தறதுக்கு ஏன் இவ்வளவு பாடுபடறாங்கன்னு தெரியும்.

வேகமும் சேந்து இருக்கணும். வில்லோல ஒரு சுத்து 1.1 மைக்ரோசெகண்ட். டீகோடர் அந்த வேகத்துக்கு ஈடு குடுக்கலேன்னா டேட்டா தேங்கிக்கிட்டே போகும். டிஸ்டன்ஸ் 5-ல ரியல்டைம் டீகோடர் சராசரியா 63 மைக்ரோசெகண்ட் தாமதத்துல, தேங்காம, ஓடிக் காட்டுச்சு. இன்னும் தீராத விஷயமும் அதே பேப்பர்ல இருக்கு: ரிப்பிட்டிஷன் கோட்ட (ஒரே வகை எரர மட்டும் திருத்தற எளிய கோட்ட) டிஸ்டன்ஸ் 29 வரைக்கும் ஓட்டினப்ப சுமார் மணிக்கு ஒரு தடவை நிறைய கியூபிட் சேந்தாப்புல கெடற ஒரு நிகழ்வு வந்து எரர் அதுக்குக் கீழ இறங்காம நிறுத்திடுச்சு. கோட் போடற கணக்கெல்லாம் எரர் அங்கங்க தனித்தனியா வரும்ங்கற நம்பிக்கையில இருக்கு, கூட்டமா வந்தா அது செல்லாது.

இதுக்கு மேல எங்க போகலாம்

செய்திய வச்சிருக்கறது ஒண்ணு, அத வச்சு கணக்கு போடறது இன்னொண்ணு. ரெண்டு சர்ஃபேஸ் கோட் துண்ட ஓரமா ஒட்டி சேத்து அளந்து பிரிக்கற லேட்டிஸ் சர்ஜரிய (2012, ஹார்ஸ்மன் குழு) அடுத்து படிங்க, நம்ம 9 புள்ளி படத்த ரெண்டு வரைஞ்சு நடுவுல புது செக் போட்டாலே பாதி புரிஞ்சிடும். கிளிஃபோர்டு வகையில சேராத டி கேட்டுக்கு மேஜிக் ஸ்டேட்னு தனியா தயார் பண்ணின ஒரு ஸ்டேட் வேணும், அது பிராவியும் கிடாயெவும் 2005-ல எழுதினது, கொஞ்சம் கனமான பாடம்.

என்டாங்கிள்டு ஸ்டேட் பக்கம் ஆர்வம் இருந்தா ராபர்ட் ராவ்சென்டார்ஃப் வழிய பிடிங்க. 2001-ல அவரும் பிரீகலும் கிளஸ்டர் ஸ்டேட்ட (நிறைய கியூபிட் பக்கத்து பக்கத்துல பின்னிக்கிட்டு இருக்கற ஒரு ஸ்டேட்ட) முன்கூட்டியே செஞ்சு வச்சுட்டு ஒவ்வொரு கியூபிட்டா அளந்துக்கிட்டே போனா கணக்கு நடக்கும்னு காட்டினாங்க. அப்புறம் ஹாரிங்டன், கோயல் கூட சேந்து முப்பரிமாண கிளஸ்டர் ஸ்டேட்ல சர்ஃபேஸ் கோட்ட புகுத்தினார், படி 7-ல நாம நேரம்னு சொன்ன மூணாவது அச்சு அங்க இடமாவே ஆயிடும். ஃபோட்டான் ஒரு இடத்துல நிக்காது, பறந்துக்கிட்டே இருக்கும், அதனால ஃபோட்டான் வச்சு செய்யறவங்களுக்கு இது ரொம்ப பொருந்தும்.

கியூபிட் இவ்வளவு செலவாகுதேன்னு தோணினா ஐபிஎம் குழு 2024-ல வெளியிட்ட பைவேரியேட் பைசைக்கிள் கோட்ட பாருங்க: டேட்டா 144, அளக்கறது 144, மொத்தம் 288 கியூபிட்ல 12 லாஜிக்கல் கியூபிட், டிஸ்டன்ஸ் 12. சர்ஃபேஸ் கோட்ல அதே தரத்துக்கு கிட்டத்தட்ட 3000 கியூபிட் போகும். விலை என்னன்னா ஒவ்வொரு கியூபிட்டும் 6 பேரோட இணையணும், அதுல சிலது தூரத்துல இருக்கும், சிப்புல ஒரே லேயர்ல வயர் போட முடியாது. இதோட செக்குங்களும் டோரஸ் மேலதான் உக்காந்திருக்கு, அதனால படி 8-அ நல்லா போட்டுப் பாத்தவங்களுக்கு அந்த பேப்பரோட முதல் படமே பழகின இடமா இருக்கும்.